டிஸ்க் ஃபுல் என்று போன் வந்தால்: சர்வர் பார்த்துக்கொள்ள தினமும் தேவைப்படும் டெர்மினல் கட்டளைகள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். இதுவரை விண்டோஸ் கணினி, பிரின்டர், டேலி என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பழைய ஆள் வேலையை விட்டுப் போனதும் இரண்டு உபுண்டு சர்வர்கள் உங்கள் தலையில் வந்து விழுந்துவிட்டன. மவுஸுக்கு அங்கே வேலையில்லை, கறுப்புத் திரைதான். "அண்ணா, தினமும் தேவைப்படுகிற கட்டளைகள் எவை, எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்?"

இருபத்தைந்து முப்பது கட்டளைகள் கைவந்தால் ஒரு சின்ன அலுவலகத்தின் சர்வரை நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பார்க்கிற கட்டளை, மாற்றுகிற கட்டளை. பார்க்கிற கட்டளையை எத்தனை முறை அடித்தாலும் சர்வருக்கு ஒன்றும் ஆகாது. மாற்றுகிற கட்டளை ஒரே ஒரு ஸ்பேஸ் தவறினால்கூட ஒரு அலுவலகத்தையே உட்கார வைத்துவிடும். இருபது வருஷமாக ராயபுரம், மண்ணடி, மணலி, எண்ணூர் என்று சுற்றி வருகிறேன். சின்னக் கோளாறு பெரிய கோளாறாக மாறிய இடங்களில் எல்லாம் ஒரே கதைதான்: யாரோ பார்க்காமல் கை வைத்திருப்பார்கள்.

ஒரு விஷயம். போனில் ஒருவருக்கு எப்படிச் சொல்வேனோ அப்படியே கட்டளைகளை எழுதுகிறேன். 'டிஎஃப்' என்றால் கீபோர்டில் அந்த இரண்டு எழுத்துகள். 'கிரெப்', 'டெயில்' என்று சொல்லாக வந்தால் அந்த ஆங்கிலச் சொல். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் 'பெரிய' என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் சின்ன எழுத்து. லினக்ஸில் இரண்டும் வேறு வேறு என்பதை விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுவார்கள்.

சரி, முதலில் உள்ளே போக வேண்டும். 'எஸ்எஸ்எச் பயனர்பெயர்@சர்வர்முகவரி'. 1995-ல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு யுலோனன் எழுதியது இது. அதற்கு முன் தூரத்து சர்வருக்குள் போகப் பயன்பட்ட டெல்நெட்டில் பாஸ்வேர்டு மறைப்பே இல்லாமல் வயரில் போகும். அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கிலேயே யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதுதான் அவரை எழுத வைத்தது. இன்றைக்கும் பாஸ்வேர்டை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் கணினியில் 'எஸ்எஸ்எச்-கீஜென் -டி இடி25519' அடித்து ஒரு சாவி உருவாக்கி, 'எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி பயனர்பெயர்@முகவரி' அடித்துப் பூட்டுப் பக்கத்தை சர்வரில் வைத்துவிடுங்கள். சாவிக் கோப்பு உங்களைத் தவிர வேறு யாருக்கும் திறக்கக் கூடாது. அதன் அனுமதி 600 ஆக இல்லாமல் எல்லோருக்கும் திறந்திருந்தால், எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொடவே மாட்டேன் என்று நிற்கும்.

உள்ளே போனதும் கை தானாக மூன்று கட்டளைகளை அடிக்க வேண்டும். 'ஹோஸ்ட்நேம்' எந்த சர்வரில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். 'ஹூஅம்ஐ' யாராக நிற்கிறீர்கள் என்று சொல்லும். 'பிடபிள்யூடி' எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். இதெல்லாம் சின்னப் பிள்ளை வேலை என்று தோன்றும். உங்களிடம் இரண்டு சர்வர், இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு ஜன்னல். பேக்கப் சர்வர் என்று நினைத்துக் கணக்கு சர்வரை ரீபூட் செய்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஷிப்பிங் பில் அனுப்பிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியல் போடுகிற 'எல்எஸ்', வேறு ஃபோல்டருக்குப் போகிற 'சிடி' இரண்டும் ஒரு நாளில் பழகிவிடும். 'எல்எஸ் -எல்டிஆர்' மட்டும் நினைவில் வையுங்கள்: கடைசியாக மாறிய கோப்பு பட்டியலின் அடியில் வரும். "நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை" என்று சொல்கிற இடத்தில் இதைத்தான் முதலில் அடிப்பேன், என்ன மாறியது என்று உடனே தெரியும். பெரிய கோப்பைப் படிக்க 'லெஸ்', வெளியே வர க்யூ. கோப்பின் பெயரை முழுதாக அடிக்காதீர்கள், இரண்டு மூன்று எழுத்து அடித்து டேப் தட்டுங்கள். டேப் பெயரை நிரப்பவில்லை என்றால் அப்படி ஒரு கோப்பு அங்கே இல்லை, அல்லது அதே தொடக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது என்று பொருள். எழுத்துப்பிழையை அங்கேயே பிடித்துவிடலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வரப்போகிற போன்களில் அதிகம் "சேவ் ஆகவில்லை", "சிஸ்டம் உள்ளேயே போகவில்லை" என்றுதான் இருக்கும். அப்போது முதல் கட்டளை 'டிஎஃப் -எச்'. எந்த டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஜிபி கணக்கில் காட்டும். 100% என்று ஒரு வரி தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

அப்புறம் எந்த ஃபோல்டர் தின்கிறது என்று தேட வேண்டும். 'சுடோ டியு -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -எச்'. முன்னால் வரும் சுடோ, நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்வது. நடுவில் இருக்கும் அந்த நெட்டுக்கோடுதான் பைப். ஒரு கட்டளை கக்குவதை இன்னொன்றின் வாயில் ஊற்றுகிற குழாய். டக் மெக்கில்ராய் வற்புறுத்திச் சொல்லிச் சொல்லி, கென் தாம்ப்சன் 1973-ல் யூனிக்ஸில் போட்டுக்கொடுத்தது. இங்கே டியு ஒவ்வொரு ஃபோல்டரின் எடையையும் சொல்கிறது, சார்ட் அதைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குகிறது. அடியில் வருகிற கடைசி வரி மொத்தக் கணக்கு, அதற்கு நேர் மேலே இருக்கிறதுதான் தின்னி. '/வார்' என்று வந்தால் அதே கட்டளையில் '/' இருக்கும் இடத்தில் '/வார்' போட்டு ஒரு படி உள்ளே போங்கள். மூன்று முறை இறங்கினால் ஆளைப் பிடித்துவிடலாம். '-எக்ஸ்' எதற்கு என்றால், வேறு டிஸ்க் மாட்டியிருக்கும் ஃபோல்டருக்குள் போகாமல் இருப்பதற்கு. அது இல்லாவிட்டால் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டி உங்களைக் குழப்பிவிடும்.

இந்த இரண்டும் ஒத்துப்போகாத நாள் ஒன்று வரும். எனக்கு வந்தது மண்ணடியில், உங்கள் அலுவலகம் மாதிரியே ஓர் இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. லிங்கிச்செட்டித் தெருவில் வண்டியை விட இடம் கிடைக்காமல் நடந்தே போய்ச் சேர்ந்தேன். முதலாளி அறைக்கு வெளியே நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டிஎஃப் அடித்தேன்: 100 ஜிபி டிஸ்க், 100% நிரம்பிவிட்டது. டியு அடித்தேன்: எல்லாம் கூட்டினாலும் 41 ஜிபி தாண்டவில்லை. மீதி எங்கே? முந்தின நாள் அங்கிருந்த பையன் "இடம் குறைவாக இருக்கிறது" என்று ஒரு பெரிய லாக் கோப்பை, அதாவது சர்வீஸ் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கிற பதிவேட்டை, அழித்திருந்தான். அழித்தது உண்மைதான். பெயர் போய்விட்டது, ஆனால் அந்தக் கோப்பை ஒரு சர்வீஸ் இன்னும் திறந்து வைத்து எழுதிக்கொண்டே இருந்தது. லினக்ஸில் ஒரு கோப்பை யாராவது திறந்து வைத்திருக்கும்வரை, பெயரை அழித்தாலும் இடம் திரும்பாது. டியு பெயர்களை வைத்து எண்ணுகிறது, அதனால் அதன் கண்ணில் படவில்லை. டிஎஃப் டிஸ்க்கையே கேட்கிறது, அதனால் உண்மையைச் சொன்னது.

அதைக் கண்டுபிடிக்கிற கட்டளை 'சுடோ எல்எஸ்ஓஎஃப் +பெரிய எல் 1', அந்தப் பெரிய எல்லும் ஒன்றும் ஒட்டியே வர வேண்டும். பெயர் அழிந்தும் திறந்திருக்கிற கோப்புகளை மட்டும் காட்டும், எந்த சர்வீஸ் பிடித்துவைத்திருக்கிறது என்றும் சொல்லும். அங்கே ஒரே வரி வந்தது, ஐம்பத்து மூன்று ஜிபி. அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன், டிஎஃப் மறுபடி அடித்தேன், பாதி இடம் திரும்ப வந்திருந்தது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம். மீதிக் கொஞ்சம் ஜிபி ஏன் கணக்கில் வரவில்லை என்று அந்தப் பையன் கேட்டான், நல்ல கேள்வி. லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்துகிற எக்ஸ்ட்4 முறையில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது, ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று 5% இடத்தை வழக்கமாக ஒதுக்கி வைத்துவிடும். எல்லோருக்கும் நிரம்பிவிட்டாலும் நீங்கள் உள்ளே போய்ச் சரிசெய்ய இடம் இருக்க வேண்டும் அல்லவா, அதற்காக.

ஆகவே எழுதிக்கொண்டிருக்கிற லாக்கை அழிக்காதீர்கள். 'ட்ரன்கேட் -எஸ் 0 கோப்புபெயர்' அடித்தால் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் காலியாகும். அதையும் செய்வதற்கு முன் கடைசி சில நூறு வரிகளை 'டெயில் -என் 500' அடித்து வேறு கோப்பில் எடுத்து வையுங்கள். லாக் திடீரென்று ஏன் வீங்கியது என்பதற்கான காரணம் அந்த வரிகளில்தான் இருக்கும், அதை அழித்துவிட்டால் அடுத்த வாரம் இதே போன் மறுபடி வரும்.

டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஆனால் "இடம் இல்லை" என்று சொல்கிறது என்றால் 'டிஎஃப் -ஐ' அடியுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்று ஒரு பதிவுச் சீட்டு வேண்டும். குட்டிக் குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் தீரும் முன்பே சீட்டு தீர்ந்துவிடும். அபூர்வம்தான், ஆனால் தெரியாதவர்கள் அங்கே ஒரு நாள் முழுக்க முட்டிக்கொள்வார்கள். சட்டென்று இடம் வேண்டுமென்றால் 'சுடோ ஏபிடி கிளீன்', 'சுடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=500பெரிய எம்' இரண்டும் ஆபத்தில்லாதவை. முன்னது இறக்கி வைத்த இன்ஸ்டால் கோப்புகளைத் துடைக்கும், பின்னது பழைய சிஸ்டம் லாக்குகளைக் குறைக்கும்.

"சிஸ்டம் ஸ்லோ" என்பது அடுத்த புகார். 'அப்டைம்' அடித்தால் கடைசியில் மூன்று எண்கள் வரும்: போன ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், பதினைந்து நிமிஷத்தின் லோடு. அந்த எண் மட்டும் ஒன்றும் சொல்லாது. 'என்ப்ராக்' அடித்து எத்தனை கோர் என்று பாருங்கள். நாலு கோர் சர்வரில் 3 என்றால் கவலையில்லை, 12 என்றால் கூட்டம் நெரிகிறது. டிஸ்க்குக்காகக் காத்து நிற்கிற வேலைகளையும் லினக்ஸ் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. அதனால் பிராசஸர் சும்மா இருந்தும் லோடு எகிறலாம். 'டாப்' திறந்து மேலே 'டபிள்யூஏ' என்ற எண்ணைப் பாருங்கள், அது பெரிதாக இருந்தால் டிஸ்க்தான் இழுக்கிறது. டாப்புக்குள் பெரிய எம் தட்டினால் மெமரி வரிசை, பெரிய பி தட்டினால் பிராசஸர் வரிசை.

மெமரிக்கு 'ஃப்ரீ -எச்'. 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கிற மெமரியை லினக்ஸ் கோப்புகளைத் தேக்கி வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். கடைசியில் இருக்கும் 'அவைலபிள்' பத்திதான் உங்கள் கணக்கு. இது தெரியாமல் ரேம் வாங்கிப் போட்டவர்கள் பர்மா பஜாருக்கு நடந்தது எனக்குத் தெரியும்.

தொங்கிவிட்ட ஒரு ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை) நிறுத்த 'கில்' அடித்து அதன் எண். எண்ணை 'பிக்ரெப் -ஏ பெயர்' சொல்லும். வெறும் கில் என்பது 15-ம் சிக்னல்: "முடித்துக்கொள்ளப்பா" என்று சொல்லிப் பார்ப்பது, கோப்பை மூடி வைத்துவிட்டுப் போக அதற்கு நேரம் கிடைக்கும். 'கில் -9' என்பது கரன்ட்டைப் பிடுங்குவது மாதிரி, அந்த ப்ராசஸுக்குத் தெரியவே தெரியாது. டேட்டாபேஸ் மீது 9-ஐ முதல் அடியாக அடிக்காதீர்கள். 15 அடித்து ஒரு நிமிஷம் பொறுங்கள்.

ஒரு சர்வீஸ் ஓடுகிறதா என்று 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பெயர்' சொல்லும், கூடவே கடைசிப் பத்து லாக் வரிகளையும் காட்டும். இதைப் படிக்காமல் நேரே ரீஸ்டார்ட் அடிக்கிற பழக்கம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் ஓடும், உண்மைதான். ஏன் நின்றது என்பது தெரியாமல் போய்விடும். இன்னொன்று: 'ஸ்டார்ட்' இப்போதைக்கு ஓட வைக்கும், 'எனேபிள்' அடுத்த முறை சர்வர் எழுந்திருக்கும்போதும் ஓட வைக்கும். இரண்டும் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. யூபிஎஸ் எல்லாம் முதல் நாளே கை விரித்துவிட்டன. கரன்ட் வந்து சர்வர்கள் எழுந்ததும் எனக்கு வந்த போன்களில் பாதி, யாரோ எப்போதோ ஸ்டார்ட் மட்டும் அடித்து எனேபிள் அடிக்க மறந்த சர்வீஸ்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு நானே போட்டுக்கொடுத்த பில்லிங் சர்வீஸும் அதில் ஒன்று. முழங்கால் தண்ணீரில் நடந்து போய் ஒரே ஒரு வரி அடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து புது சர்வீஸ் போட்டால் ஒருமுறை ரீபூட் செய்து பார்க்காமல் ஒப்படைப்பதில்லை.

அந்த மாதிரி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்க 'ஜர்னல்சிடிஎல்' இருக்கிறது. '--லிஸ்ட்-பூட்ஸ்' போட்டால் சர்வர் எத்தனை முறை எழுந்தது, எப்போது என்று பட்டியல் வரும். '-பி -1' போட்டால் இதற்கு முந்தைய முறை ஓடியபோது எழுதிய லாக், அதாவது சாவதற்கு முன் என்ன சொன்னது என்று. இங்கே பி என்பது பூட்டின் முதல் எழுத்து. '-யு சர்வீஸ்பெயர்' அந்த சர்வீஸின் பேச்சை மட்டும் காட்டும், '--சின்ஸ் டுடே' இன்றைக்கு மட்டும், '-எஃப்' ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்முன் காட்டும். சாதாரண லாக் கோப்புக்கு அதே வேலையை 'டெயில் -பெரிய எஃப் /வார்/லாக்/சிஸ்லாக்' செய்யும். பெரிய எஃப் ஏன் என்றால், ராத்திரி லாக் மாறிப் புதுக் கோப்பு பிறந்தாலும் விடாமல் தொடரும்.

லாக் ஆயிரம் வரி இருந்தால் 'கிரெப் -ஐ எரர்' போட்டு வடிகட்டுங்கள். '-பெரிய சி 3' சேர்த்தால் அந்த வரிக்கு மேலும் கீழும் மூன்று வரி வரும். எரர் என்று சொல்கிற வரியில் காரணம் பெரும்பாலும் இருக்காது, அதற்கு இரண்டு வரி முன்னால் இருக்கும். கிரெப் என்ற விநோதப் பெயர், பழைய ஈடி எடிட்டரில் 'ஜி/ஆர்இ/பி' என்று அடித்ததிலிருந்து வந்தது: எங்கும் தேடு, இந்த மாதிரி இருப்பதை, அச்சிடு. தாம்ப்சன் அந்த வேலையைத் தனிக் கட்டளையாக எடுத்துக்கொடுத்தார்.

இப்போது மாற்றுகிற கூட்டம். கோப்பை அழிக்கிற 'ஆர்எம்' பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த மூன்றாவது வருஷம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி. ஸ்கேன் செய்து வைத்த ஆவணங்கள் இருக்கும் ஃபோல்டரில் பழைய கோப்புகளை மட்டும் அழிக்க வேண்டும். 'ஆர்எம் -ஆர்எஃப் ஓல்டு*' என்று அடிக்க வேண்டிய இடத்தில், ஓல்டுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. சர்வர் அதை "ஓல்டு என்பதை அழி, அப்புறம் இங்கே இருக்கிற எல்லாவற்றையும் அழி" என்று படித்தது. கேள்வி கேட்கவில்லை, ஒரு எழுத்துகூடத் திரையில் வரவில்லை, அடுத்த வரிக்குப் போய்க் கர்சர் சிமிட்டிக்கொண்டு நின்றது. முந்தின ராத்திரி பேக்கப் இருந்தது, அன்றைய அரை நாள் வேலை இல்லை. அந்த அலுவலகத்தில் ஸ்கேன் செய்கிற அக்கா ராத்திரி ஒன்பதரை வரை இருந்து காகிதங்களை மறுபடி ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்தார். திருவொற்றியூருக்கு அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதிலிருந்து என் கை பழகிய முறை: அழிக்க வேண்டியதை முதலில் 'எல்எஸ்' போட்டுப் பார்க்கிறேன், 'எல்எஸ் ஓல்டு*' என்று. வருகிற பட்டியல்தான் அழியப்போகிறது. அது சரி என்றால் மேல்நோக்கு அம்புக்குறியைத் தட்டி அதே வரியை வரவைத்து, எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம் ஆக மாற்றுகிறேன். நட்சத்திரத்தை மறுபடி கையால் அடிப்பதில்லை. '/' ஒன்றை மட்டும் அழிக்கச் சொன்னால் இப்போதைய லினக்ஸ் மறுத்துவிடும், ஆனால் '/*' என்று நட்சத்திரம் சேர்ந்தால் அந்தக் காவல் வேலை செய்யாது. அதை நம்பி இருக்காதீர்கள்.

'சிஎச்மாட் 777' இன்னொரு வியாதி. "பெர்மிஷன் டினைடு" என்று வந்ததும் எல்லாக் கதவையும் திறந்து விடுவது. வேலை நடக்கும், ஆனால் அந்த சர்வரில் நுழைகிற எவனும் அந்தக் கோப்பை மாற்றலாம். பிரச்சினை அனேகமாகக் கோப்பில்கூட இருக்காது, மேலே இருக்கும் ஏதோ ஒரு ஃபோல்டரில் இருக்கும். 'நேம்ஐ -எல் முழுப்பாதை' அடியுங்கள். தெருவிலிருந்து வீட்டின் உள்ளறை வரை ஒவ்வொரு கதவின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எந்தக் கதவு சாத்தியிருக்கிறதோ அதை மட்டும் 'சிஎச்ஓன்' (உரிமையாளரை மாற்றுவது) அல்லது சிஎச்மாட் (அனுமதியை மாற்றுவது) போட்டுச் சரிசெய்யுங்கள். ஃபோல்டருக்கு 755, சாதாரணக் கோப்புக்கு 644, சாவிக்கும் பாஸ்வேர்டு இருக்கும் கோப்புக்கும் 600. இந்த மூன்று எண் போதும், நெடுநாள் வரைக்கும்.

செட்டிங் கோப்பைத் தொடும் முன் 'சிபி' போட்டுத் தேதியோடு ஒரு பிரதி எடுங்கள். எஸ்எஸ்எச் செட்டிங்கை மாற்றினால், ஒரு ஜன்னலில் உள்ளே இருந்தபடியே இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்த பிறகுதான் முதல் ஜன்னலை மூட வேண்டும். ஃபயர்வாலும் அப்படித்தான்: 'யுஎஃப்டபிள்யூ அலவ் ஓபன்எஸ்எஸ்எச்' முதலில் (இதில் ஓ, எஸ்எஸ்எச் நான்கும் பெரிய எழுத்து), 'யுஎஃப்டபிள்யூ எனேபிள்' அதற்குப் பிறகு. வரிசை மாறினால் அடுத்த முறை உள்ளே வர வழியிருக்காது, வீட்டிலிருந்து கிளம்பி சர்வர் அறைக்கே போய் நிற்க வேண்டும்.

நெட்வொர்க்கில் நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 'ஐபி ஏ' உங்கள் முகவரி, 'பிங்' அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா, 'சுடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன்' எந்த போர்ட்டில் எந்த சர்வீஸ் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது, 'கர்ல் -பெரிய ஐ முகவரி' வெப்சைட் என்ன பதில் சொல்கிறது. எண் முகவரிக்கு பிங் போகிறது, பெயர் போட்டால் போகவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.

நீங்கள் தினமும் திருவொற்றியூரிலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். மெட்ரோவில் லேப்டாப்பைத் திறந்து போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்த்தால், புதுவண்ணாரப்பேட்டை தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது இணைப்பு அறுந்துபோகலாம். அப்போது அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் பாதியில் நின்றுவிடும். அதனால் உள்ளே போனதும் 'டிமக்ஸ்' அடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இணைப்பு போனாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி உள்ளே போய் 'டிமக்ஸ் அட்டாச்' அடித்தால் விட்ட இடத்தில் நிற்பீர்கள்.

கடைசியாக பேக்கப். ஒரு ஃபோல்டரை இன்னொரு இடத்துக்குப் பிரதி எடுக்க 'ஆர்சிங்க் -ஏவிஎன் /டேட்டா/ /பேக்கப்/டேட்டா/'. அந்த 'என்' ஒத்திகைக்கு: என்னென்ன போகும் என்று சொல்லும், எதையும் தொடாது. பார்த்துவிட்டு, அந்த 'என்' எழுத்தை எடுத்துவிட்டு அடியுங்கள். முதல் ஃபோல்டரின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பது மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே உள்ளே போய் உட்கார்ந்து '/பேக்கப்/டேட்டா/டேட்டா' என்று ஆகிவிடும். '--டிலீட்' சேர்க்கிற நாளில் ஒத்திகை இல்லாமல் அடிக்கவே கூடாது.

ஒரு கண்ணி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பேக்கப்புக்கு வைத்த யுஎஸ்பி டிஸ்க் கழன்றிருந்தாலும் '/பேக்கப்' என்ற ஃபோல்டர் சர்வரில் இருக்கும். ஆர்சிங்க் அதற்குள் எழுதிக்கொண்டே போய் சர்வரின் சொந்த டிஸ்க்கையே நிரப்பிவிடும். உப்புக்காற்றில் இங்கே யுஎஸ்பி முனைகள் துருப்பிடித்துக் கழல்வது அதிசயமில்லை. ஆர்சிங்குக்கு முன்னால் 'மவுன்ட்பாயின்ட் -க்யூ /பேக்கப் &&' என்று சேர்த்துவிடுங்கள், டிஸ்க் மாட்டியிருந்தால் மட்டும் ஓடும்.

இதை ராத்திரி தானாக ஓட வைக்க 'கிரான்டேப் -இ'. பார்க்க 'கிரான்டேப் -எல்'. ஆனால் '-ஆர்' என்றால் முழுப் பட்டியலையும் கேட்காமல் அழித்துவிடும். கீபோர்டில் இ-க்குப் பக்கத்துச் சாவிதான் ஆர். ஆகவே மாதம் ஒருமுறை 'கிரான்டேப் -எல்' கக்குவதை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். சொன்ன நேரத்தில் கட்டளையை ஓட்டுகிற கிரான், உங்கள் வழக்கமான பாதைகளை அறியாது, கட்டளைகளின் முழுப்பாதையையும் கொடுங்கள். அந்த வரியில் சதவீதக் குறி வந்தால் அதற்கு முன் பின்சாய்கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் வரி அங்கேயே அறுந்துவிடும். கோப்புப் பெயரில் தேதி சேர்க்கிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை விழுவார்கள். கையால் அடித்தால் ஓடும், ராத்திரி மட்டும் ஓடாது. அப்புறம் 'டைம்டேட்சிடிஎல்' அடித்து சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால், ராத்திரி 2 மணி என்று நீங்கள் எழுதிய பேக்கப் நம் நேரப்படி காலை 7.30-க்குத்தான் ஓடும். 'சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொல்கத்தா' அடித்தால் சரியாகிவிடும், ஏசியாவின் ஏ, கொல்கத்தாவின் கே இரண்டும் பெரிய எழுத்து. மாற்றிய பிறகு கிரான் சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

இந்த வாரம் இரண்டு சர்வரிலும் பார்க்கிற கட்டளைகளை மட்டும் அடியுங்கள்: டிஎஃப், ஃப்ரீ, அப்டைம், 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு', 'கிரான்டேப் -எல்'. சாதாரண நாளில் என்ன காட்டுகிறது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மாற்றுகிற கட்டளைகளுக்கு வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டுப் பழகுங்கள், அதில் என்ன அழிந்தாலும் பரவாயில்லை. பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பை வேறு ஃபோல்டரில் எடுத்துத் திறந்து பாருங்கள். அது திறக்கவில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு அன்றைக்கே எனக்கு போன் செய்யுங்கள், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.